உறைந்த இறால் ஏற்றுமதி: வழக்கமாக வரும் கேள்விகள்

பண்ணை வைத்திருப்பவர்கள், ஏற்றுமதியில் இறங்க ஆசைப்படுபவர்கள், பிராசஸிங் கம்பெனியில் வேலை தேடும் பட்டதாரிகள், செய்தியில் வரி பற்றிப் படித்துவிட்டுக் குழம்பியவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே இந்தியாவை வைத்துத்தான். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஈக்வடாரும் தாய்லாந்தும் வரும். எந்தக் கேள்வியை எடுத்தாலும் பேச்சு கடைசியில் இரண்டு விஷயத்தில் போய் நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒன்று கவுண்ட், அதாவது எடைக்கு எத்தனை இறால் என்ற அளவு. இன்னொன்று மருந்து எச்சம் பற்றிய லேப் ரிப்போர்ட்.

நாம் ஏற்றுமதி செய்யும் கடல் உணவில் இறால் எவ்வளவு?

2024-25 நிதியாண்டில் இந்தியா அனுப்பிய கடல் உணவு சுமார் 17 லட்சம் டன். மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 43,334 கோடி. எடையில் அது 7.4 லட்சம் டன்தான், பாதிகூடக் கிடையாது. பணத்திலோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அந்த இறாலிலும் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வாங்கியது அமெரிக்கா என்ற ஒரே நாடு. அதற்கு அடுத்த இடம் சீனாவுக்கு.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

1953-ல் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்கு உறைந்த இறால் போனதுதான் தொடக்கம். அதே காலத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் நார்வே நாட்டு உதவியோடு ஒரு மீன்பிடித் திட்டம் வந்தது. விசைப்படகும் இழுவைமடியும் பரவ அதுவும் ஒரு காரணம். அதுவரை உள்ளூர்ச் சந்தையில் பெரிதாக விலைபோகாத இறாலுக்காகப் படகுகள் போட்டி போட ஆரம்பித்தன. 1972-ல் மத்திய அரசு கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தை, தொழிலில் எல்லோரும் சொல்லும் ‘எம்பெடா’வை, கொச்சியில் அமைத்தது.

தொண்ணூறுகளில் டைகர் இறால் பண்ணைகள் வந்தன. கரையோர நெல்வயல்கள் குளமாயின. 1994-95-ல் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாகக் காலி செய்தது. இன்னொரு பக்கம், பண்ணைகளால் குடிநீரும் வயலும் உப்பாகின்றன என்று நாகப்பட்டினம் வட்டாரத்தில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் தனிச் சட்டம் வந்தது. சென்னையில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உட்கார்ந்தது. இன்று பண்ணைக்குப் பதிவு வாங்குகிறீர்களே, அது அந்தச் சட்டத்தின் கீழ்தான். பதிவை வெறும் காகிதத் தொல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

2009-ல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு வளர்ந்ததுதான் இன்றைய ஏற்றுமதி.

வனாமி நம்ம ஊர் இறாலா?

இல்லை. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரை அதன் சொந்த ஊர். குஞ்சு பொரிக்கவைப்பதற்கான தாய் இறாலைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் இறக்குகிறார்கள். சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகே மரக்காணம், ஆந்திரா என்று குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு அனுப்புவார்கள். டைகர் குளத்தின் அடியில் கிடக்கும். வனாமி மேலும் கீழுமாக நீந்தும். அதனால் ஒரே குளத்தில் நெருக்கமாக விடலாம். சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை அனுமதி உண்டு. தாய்லாந்தில் 2012-13-ல் இறாலை இளம்பருவத்திலேயே கொல்லும் இ.எம்.எஸ். நோய் வந்து உற்பத்தி பாதியாகச் சரிந்தபோது அமெரிக்கச் சந்தையில் ஏற்பட்ட இடைவெளியில் நாம் நுழைந்தது வனாமியை வைத்துத்தான்.

‘கவுண்ட்’ என்றால் என்ன? பண்ணையில் ஒரு எண் சொல்கிறார்கள், கம்பெனியில் வேறு எண் சொல்கிறார்களே?

தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது.

பண்ணையில் கவுண்ட் என்றால் தலையோடு ஒரு கிலோவில் எத்தனை இறால் என்பது. 30 கவுண்ட் என்றால் ஒரு இறால் ஏறக்குறைய 33 கிராம். 100 கவுண்ட் என்றால் 10 கிராம். எண் சிறியதானால் இறால் பெரியது, விலையும் கூடுதல்.

அமெரிக்க வியாபாரத்தில் கணக்கு பவுண்டில் நடக்கும், அதுவும் தலை நீக்கிய பிறகு. ஒரு பவுண்டு 454 கிராம். 16/20 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு பவுண்டுக்கு 16 முதல் 20 வரை என்று பொருள். தலையை எடுத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போய்விடும். நூறு கிலோவுக்கு 65 கிலோ நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 கிராம் இறால் தலை போனால் இருபத்தொன்றரை கிராம். அதை 454-க்குள் வகுத்தால் 21. ஆக உங்கள் 30 கவுண்ட் கம்பெனிக்குள் போனதும் 21/25 ஆகிவிடும். 50 கவுண்ட் 31/40-ல் விழும். 100 கவுண்ட் 70-ஐ ஒட்டி நிற்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் இன்னும் பத்து நாள் தீவனம் போட்டு வைத்திருக்கலாமா, இன்றே பிடித்துவிடலாமா என்று முடிவெடுக்க முடியும். இரண்டு கிராம் கூடுவதால் அடுத்த கிரேடுக்கு ஏறுமென்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. ஏறாது, குளத்தில் நோய்க்குறியும் தெரிகிறது என்றால், பேராசைப்படாமல் வலையை இறக்குவதே நல்லது.

பிடித்த இறால் கன்டெய்னர் ஏறும்வரை என்னென்ன நடக்கும்?

அறுவடையை முடிந்தவரை வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு முன் கையில் நாலு இறாலை எடுத்து அழுத்திப் பார்ப்பது வழக்கம். ஓடு மெத்தென்று இருந்தால் இறால் தோல் உரித்திருக்கிறது என்று அர்த்தம். ‘சாஃப்ட்’ அதிகமென்றால் ஏஜென்ட் விலையைக் குறைப்பார், அல்லது வண்டியைத் திருப்பிவிடுவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தோல் உரிப்பது அதிகம் என்பதால் அந்த நாட்களைத் தவிர்ப்பவர்கள் பலர்.

வலையிலிருந்து இறால் நேராக ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். குளிரிலேயே உடனே சாகவேண்டும். கரையில் கொட்டி வைத்து எடை போட்டுவிட்டு அப்புறம் ஐஸ் போட்டால், தலைப்பகுதி கறுக்க ஆரம்பித்துவிடும். தலை தளர்ந்து தொங்கும். பிறகு எத்தனை ஐஸ் கொட்டினாலும் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஐஸ் செலவில் மிச்சம் பிடித்து, அதைவிடப் பல மடங்கை விலையில் இழப்பதை இன்றும் பார்க்கலாம்.

கம்பெனியில் முதலில் கழுவல், பிறகு தலை கிள்ளுதல், கிரேடிங், உரித்தல், முதுகு நரம்பு எடுத்தல். நீண்ட எஃகு மேஜையின் இருபக்கமும் பெண்கள் நிற்பார்கள். மேஜை மேல் ஐஸ், கையில் உறை, தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். வாலை மட்டும் விட்டுவிட்டு ஓட்டை எடுப்பது ஒரு வகை. வாலையும் எடுப்பது இன்னொன்று. ஓட்டின் முதுகைக் கீறி மட்டும் விடுவது வேறொன்று. வாங்குபவர் என்ன கேட்டாரோ அது. அடுத்து உறையவைத்தல், மேலே மெல்லிய ஐஸ் பூச்சு, பை, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி, அட்டைப்பெட்டி, மைனஸ் 18 டிகிரிக் குளிர்கிடங்கு. கடைசியில் அதே குளிரில் ஓடும் ரீஃபர் கன்டெய்னர். அதற்குள் பதினைந்து முதல் இருபது டன் வரை ஏறும். விசாகப்பட்டினம் இதில் முதன்மையான துறைமுகம். நம் பக்கம் சென்னையும் தூத்துக்குடியும்.

ஐ.க்யூ.எஃப், பிளாக் – வித்தியாசம் என்ன?

பிளாக்கில் தட்டில் தண்ணீரோடு அடுக்கிக் கட்டியாக உறையவைப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஐ.க்யூ.எஃப்-ல் இறால் தனித்தனியாகச் சில நிமிடங்களில் உறைந்துவிடும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பையை மூடலாம். சூப்பர்மார்க்கெட் கேட்பது இதைத்தான்.

மேலே ஐஸ் பூசுவது எடையை ஏமாற்றத்தானே?

பூச்சு தேவையானது. அது இல்லையென்றால் கிடங்கில் இறால் வறண்டு, ஓரம் வெளுத்து, மரக்கட்டை போல ஆகும். ஆனால் பூச்சைக் கழித்த நிகர எடையைப் பையில் சரியாகப் போட வேண்டும். ஏமாற்று அங்கேதான் நுழையும். 20 சதவீதம் பூச்சு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் இறால் எடை என்று விற்றால் அது திருட்டு.

இன்னொன்று, பாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைப்பது. உருகும்போது சதையில் உள்ள நீர் வடியாமலிருக்க அளவாகப் பயன்படுத்தினால் தவறில்லை. வேண்டுமென்றே நீரை ஏற்றினால் சமைக்கும்போது இறால் கண்ணெதிரே சுருங்கும், கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். போட்டியில் விலையைக் குறைத்துக் குறைத்துப் பேசும் ஏற்றுமதியாளர்கள் கடைசியில் தண்ணீரை விற்பதில் போய் முடிகிறார்கள். வாங்குபவருக்கும் இது தெரியாமல் இல்லை. அவரே ‘இத்தனை சதவீதம் ஊறல்’ என்று எழுதிக் கேட்கும் ஆர்டர்களும் உண்டு.

ஆன்டிபயாடிக் பிரச்சினை உண்மையா, வெளிநாட்டுக்காரர்களின் சாக்கா?

உண்மை. சாக்காகவும் சில சமயம் பயன்படுகிறது என்பது வேறு விஷயம்.

குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் இரண்டும் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களில் தடைசெய்யப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் இறுதியிலிருந்து நைட்ரோஃபியூரான் எச்சத்துக்கு வைத்திருக்கும் அளவு 0.5 பிபிபி. அதாவது ஆயிரம் டன் இறாலில் அரை கிராம். குளோராம்பெனிகாலுக்கு இன்னும் குறைவு, 0.15. இதற்கு முன்பே, 2016-ல், இந்தியாவிலிருந்து வரும் பண்ணை இறாலில் பாதிச் சரக்கைச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பா உத்தரவிட்டது. அதுவரை பத்து சதவீதம் இருந்தது.

‘நான் மருந்தே போடவில்லையே’ என்று சத்தியம் செய்யும் பண்ணைக்காரர் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. குஞ்சு வாங்கிய இடத்திலேயே போட்டிருக்கலாம். ‘குடல் நோய்க்கு நல்லது’ என்று கடைக்காரர் கொடுத்த, உள்ளே என்னவென்று எழுதாத பொட்டலத்தில் இருந்திருக்கலாம். அதனால் சொல்கிறேன்: என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத எதையும் தீவனத்தில் கலக்காதீர்கள், விற்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். அறுவடைக்கு முன் எம்பெடா ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சான்று வாங்குங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு அந்தச் சான்று கட்டாயம்.

இப்போது பரவலாக இருக்கும் இ.ஹெச்.பி. என்ற நுண்ணுயிர்த் தொற்றுக்கு மருந்தே கிடையாது. இறால் சாகாது, வளராமல் நின்றுவிடும். தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பயத்தில் வாங்கிப் போடும் பொட்டலங்கள்தான் ஆபத்து.

வாங்கும் நாட்டில் நிராகரித்தால் சரக்கு என்ன ஆகும்?

மூன்று வழி: அங்கேயே அழிப்பது, விதிமுறை அனுமதித்தால் வேறு நாட்டுக்குத் திருப்புவது, சொந்தச் செலவில் திரும்பக் கொண்டுவருவது. ஐரோப்பாவில் என்றால் அனுப்பிய கம்பெனியின் பெயர் அவர்களின் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறும். இங்கே ஏற்றுமதி ஆய்வு மன்றம் அந்தக் கம்பெனியைக் கண்காணிப்பில் வைக்கும், அடுத்தடுத்த சரக்கெல்லாம் சோதனைக்குப் போகும். இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் தரும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். வாங்கியவர் திவாலானால், பணம் தராமல் இழுத்தடித்தால் அது உதவும். தரத்தில் தகராறு என்றால் பொதுவாக உதவாது.

அமெரிக்க வரி பற்றி ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்களே?

ஏனென்றால் வரி ஒன்றல்ல, அடுக்கடுக்காக இருக்கிறது.

முதல் அடுக்கு 2005-லிருந்து இருக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி. அங்குள்ள இறால் மீனவர்கள் ‘அடக்கவிலைக்கும் கீழே விற்கிறார்கள்’ என்று கொடுத்த புகாரில் வந்தது. ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து விகிதத்தை மாற்றுவார்கள். இரண்டாவது, இங்கே அரசு தரும் சலுகைகளுக்கு எதிரான ஈட்டு வரி. 2024 இறுதியில் பெரும்பாலான இந்தியக் கம்பெனிகளுக்கு 5.77 சதவீதம் என்று முடிவானது. மூன்றாவது, டிரம்ப் அரசு போட்ட கூடுதல் வரி. அதுதான் 2025-ல் தலைப்புச் செய்தியானது: ஏப்ரலில் 10, ஆகஸ்ட் 7 முதல் 25, ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம். அதே ஆகஸ்டில் ஈக்வடாருக்கு 15, வியட்நாமுக்கு 20. இந்த மூன்றாவது அடுக்கு அரசியலைப் பொறுத்து ஏறி இறங்குவது. ஆர்டர் எழுதும் நாளில் என்ன விகிதம் என்று கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சட்டப்படி வரி கட்டுவது இறக்குமதியாளர். நடைமுறையில் நம் ஏற்றுமதியாளர்கள் பலர் ‘வரியும் சேர்த்து உங்கள் கிடங்கில் இறக்கித் தருகிறோம்’ என்ற முறையில் விற்கிறார்கள். அப்போது வரி இவர் தலையில். இவர் அதைக் குளத்துக்கு இறக்குவார். அமெரிக்காவில் அறிவிப்பு வந்த சில நாளிலேயே பீமவரத்திலும் நாகப்பட்டினத்திலும் கிலோ விலை இறங்கியது இப்படித்தான். தீவன விலை மட்டும் இறங்கவில்லை. செலவில் பாதிக்கு மேல் அதுதான். விலை ஏறும்போதும் இதே வேகத்தில் குளத்துக்கு வந்து சேர்ந்தால் குறை சொல்ல மாட்டேன். வருவதில்லை.

ஈக்வடாரால் மட்டும் எப்படி மலிவாகத் தர முடிகிறது?

அவர்கள் 2023-ல் 12 லட்சம் டன் அளவுக்கு ஏற்றுமதி செய்தார்கள், உலகிலேயே முதலிடம். பெரிய குளம், குறைந்த அடர்த்தி. 1999-ல் வெண்புள்ளி நோய் அவர்களையும் அடித்துப் போட்டது. பிழைத்த இறால்களிலிருந்தே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நோயைத் தாங்கும் இனத்தை உருவாக்கிக்கொண்டார்கள். நாமோ நோயற்ற தாய் இறாலை வாங்கி, நோய் நிறைந்த குளத்தில் விடுகிறோம். என்னைக் கேட்டால், வரியைவிட இதுதான் நீண்டகாலச் சிக்கல்.

ஆனால் அவர்கள் சரக்கில் பெரும்பகுதி தலையோடு சீனாவுக்குப் போகிறது. உரித்த, நரம்பெடுத்த, வேகவைத்த சரக்கு வேண்டுமென்றால் அமெரிக்க வியாபாரிக்கு இன்னும் நம் கைகள் தேவைப்படுகின்றன.

அந்தக் கைகளுக்கு என்ன கிடைக்கிறது?

குறைவு. பல இடங்களில் உரித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்க நிற்பது, ஐஸில் கை மரத்துப்போவது, குளோரின் நீரில் தோல் உரிவது எல்லாம் சேர்ந்தது அந்தக் கூலி. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான ஆய்வறிக்கைகளும் செய்திகளும் ஆந்திரத்து உரிப்புக்கூடங்களில் கூலி, சுகாதாரம், வெளிமாநிலப் பெண்களின் தங்குமிடம் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தன. தொழில்துறை மறுத்தது. பதிவுபெற்ற கம்பெனிக்குள் ஆய்வாளர் வரும் அன்று எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். வெளியே, எந்தப் பட்டியலிலும் இல்லாத கூடத்தில் உரித்துக் கொண்டுவரும் சரக்குதான் கேள்விக்குரியது. உரிப்புக்கூடத்துக்கும் எம்பெடா பதிவு வேண்டும் என்பது விதி. சரக்கு வாங்குபவர் அந்த எண்ணைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை வெளியே வரும்.

கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லையாமே?

2019-லிருந்து வாங்குவதில்லை. இழுவைமடியில் ஆமை தப்பித்துப் போக வழிவிடும் கருவி பொருத்தவில்லை என்பது காரணம். 1990-களிலும் இதே தகராறு வந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 1998-ல் தீர்ப்பு வாங்கின. அமெரிக்கா நடைமுறைப்படுத்திய விதம் தவறு என்றது தீர்ப்பு. ஆமையைக் காக்க இப்படி ஒரு தடை போடுவதையே தவறு என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் வர்த்தகச் சண்டை என்று சொல்ல வாய் வராது. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்லை.

இறால் தவிர வேறு என்ன போகிறது?

கணவாய், பேய்க்கணவாய் தென் ஐரோப்பாவுக்கு. வாளை மீன் சீனாவுக்கு. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா நண்டின் சதை டப்பாவில் அமெரிக்காவுக்கு. உயிரோடு சிங்கி இறால் விமானத்தில். ஐரோப்பாவுக்குப் போகும் கடல்பிடி சரக்குக்கு எந்தப் படகு பிடித்தது என்று சொல்லும் பிடிப்புச் சான்று 2010 முதல் கட்டாயம்.

எனக்கு ஏற்றுமதியாளர் ஆக வேண்டும். கம்பெனி கட்ட வேண்டுமா?

வேண்டாம். அடுத்தவர் கம்பெனியில் பேக் செய்து உங்கள் பெயரில் அனுப்பும் வணிக ஏற்றுமதியாளராக ஆரம்பிக்கலாம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி., எம்பெடா பதிவு வேண்டும். பேக் செய்யும் கம்பெனிக்கு ஏற்றுமதி ஆய்வு மன்ற அங்கீகாரமும், நீங்கள் அனுப்பும் நாட்டுக்கான அனுமதியும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பும் எல்லாக் கம்பெனியும் ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது.

ஒரு கன்டெய்னர் சரக்கின் பணம் மாதக்கணக்கில் கடலில் மிதக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வங்கி வட்டி நிற்காது. முதல் ஆர்டரைப் பிடிக்குமுன் ஏதாவது ஒரு கம்பெனியின் கிரேடிங் மேஜை பக்கத்தில் சில மாதம் நின்று பாருங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, நாமே வாங்கிச் சாப்பிட்டால் என்ன?

நல்ல கேள்வி. வளர்ப்பதில் பெரும்பகுதி வெளியே போகிறது. உள்நாட்டில் இறால் என்றால் காலையில் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடப்பதுதான். ‘ஃப்ரோசன் என்றால் பழசு’ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பிடித்த சில மணி நேரத்தில் உறையவைத்த இறால், மூன்று நாள் ஐஸில் கிடந்ததைவிட நன்றாகவே இருக்கும். வாங்கும்போது பையைக் குலுக்கிப் பாருங்கள், தனித்தனியாகச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. நிகர எடை எவ்வளவு, ஐஸ் பூச்சு எவ்வளவு என்று பின்பக்கம் படியுங்கள். வீட்டில் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். சுடுதண்ணீரில் போட வேண்டாம்.